ஐந்து ரீல், ஒரே கதை

ஜவ்வாது மலைக்கு நான் மாற்றலாகிப் போன நாளில், போளூரிலிருந்து ஏறிய பேருந்தில் முன் இருக்கையில் இருந்த ஓர் அம்மாள் திரும்பி உட்கார்ந்து என்னை விசாரிக்க ஆரம்பித்தார். மூன்றாவது கொண்டை ஊசி வளைவுக்குள் என் சொந்த ஊர் தெரிந்துவிட்டது. ஐந்தாவது வளைவில் என் தாய்மாமனின் தொழில். மேலே போய்ச் சேர்வதற்குள், கண்ணமங்கலத்தில் இருந்த அவருடைய பெரியப்பா என் மாமனிடம் ஒரு மாடு வாங்கியிருக்கிறார் என்பது வரை வந்துவிட்டோம்.

“அப்போ நீங்க எனக்கு அண்ணன் மொறை ஆவுதுங்க” என்றார்.

“மாட்டை வித்தா மொறை வந்துடுமாம்மா?”

“இன்னா இப்டி சொல்லிட்டீங்க? மாடு சும்மாவா வந்துச்சு? கன்னோட வந்துச்சுங்க.”

அந்த வாதத்துக்கு எந்த விதித்தொகுப்பிலும் பதில் இல்லை. மறுநாள் காலை அலுவலகத்தில் என் மேஜைக்கு எதிரே அதே அம்மாள் நின்றார். வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் கிராம சேவிகா. மலை முழுக்க நடந்து வீடு வீடாகப் போய் அடுப்பு, கோழி, குழந்தை, சேமிப்பு என்று அரசாங்கம் அந்த மாதம் எதை விரும்புகிறதோ அதைச் சொல்லிவிட்டு வருவது அவர் வேலை. நான் கோப்புகளைப் பார்க்கும் உதவியாளர். இனி நாங்கள் இருவரும் ஒரே கூரையின் கீழ் ஒன்பது வருடம் இருக்க வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த மாட்டைப் பற்றிப் பேச்சே எடுத்திருக்க மாட்டேன்.

என் கொள்கை எளிமையானது. ஒரு பொருள், ஒரு கோப்பு. ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியும் அதில் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. அவருடைய கொள்கை அதற்கு நேர் எதிர். உலகத்தில் இரண்டு விஷயங்கள் தனித்தனியாகக் கிடந்தால் அவருக்குப் பொறுக்காது. நடுவில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

மாதாந்திர அறிக்கையில் ‘புகையில்லா அடுப்பு’ என்ற பத்தியில் எண்ணை மட்டும் எழுத வேண்டும். அவர் எழுதியது இது: “எட்டு வீட்டில் அடுப்பு போடப்பட்டது. இதனால் இரண்டு கோழித் திருட்டுகள் கண்டுபிடிக்கப்பட்டன.” விளக்கம் கேட்டு நான் தாளைத் திருப்பி அனுப்பினேன். அவர் குடையும் கையுமாக நேரில் வந்தார்.

“பொகை இருந்த வரைக்கும் வூட்டுக்குள்ள கண்ணு தெரியலைங்க. பொகை போனதும் பார்த்தா, எதிர் வூட்டுக் கோழி இவங்க கூடையில அடை காக்குது.”

“அதை அடுப்புப் பத்தியில எதுக்கும்மா எழுதணும்?”

“அடுப்பாலதானே தெரிஞ்சது? கோழிப் பத்தியில எழுதினா அடுப்புக்கு இன்னா மரியாத?”

நான் அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சிவப்பு மையால் அடித்தேன். அடுத்த மாதம் அது வேறு பத்தியில் வந்து உட்கார்ந்திருந்தது. சிறுசேமிப்பில்.

இந்தக் குணத்தால் நன்மை மட்டும் விளைந்தது என்று சொன்னால் பொய் சாட்சி ஆகிவிடும். பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு ஊர்க்காரர்களுக்கு நடுவில் எப்போதோ பெண் கொடுத்திருந்த உறவைக் கண்டுபிடித்து, இரு தரப்பையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தார். ஆனால் அந்தப் பழைய கல்யாணத்தில்தான் சண்டையே ஆரம்பித்திருக்கிறது என்பது இலை போட்ட பிறகு தெரிந்தது. பந்தி பாதியில் கலைந்தது. ஒருவருக்குக் கையில் கட்டு. நான் எழுத்து மூலம் விளக்கம் கேட்டேன். அவர் ஒரே வரியில் பதில் கொடுத்தார்: “இத்தனை வருடம் கழித்து இரண்டு ஊரும் பேசிக்கொண்டது இதுவே முதல் தடவை.” அதைக் கோப்பில் வைத்துவிட்டேன். வேறு என்ன செய்வது?

இனி ஜீப்புக்கு வருகிறேன். எல்லாம் அதில்தான் இருக்கிறது.

எங்கள் அலுவலகத்துக்கு ஒரு ஜீப், ஒரு புரொஜெக்டர், ஒரு ஜெனரேட்டர் கொடுத்திருந்தார்கள். மலைக் கிராமங்களில் அரசாங்கப் படங்கள் காட்ட. அந்த ஜீப் வேறு எதற்கும் ஓடக்கூடாது, உத்தரவு அப்படி. புரொஜெக்டரில் ஒலிக்கான பல்பு எனக்கு முந்தின உதவியாளர் காலத்திலேயே போய்விட்டது. நானும் நான்கு நினைவூட்டுக் கடிதங்கள் அனுப்பினேன். பல்பு வரவில்லை. படம் தெரியும், சத்தம் வராது. அதனால் எந்தப் படம் ஓடினாலும் சேவிகா அம்மாள் திரைக்குப் பக்கத்தில் நின்று, குடையால் சுட்டிக் காட்டிக் கதை சொல்வார். படத்தில் ஒரு கால்நடை மருத்துவர் மாட்டுக்கு ஊசி போட்டால், இவர் சொல்லில் அது யார் வீட்டு மாடு, அந்த மருத்துவருக்கு யார் பெண் கொடுத்தது என்பதெல்லாம் சேர்ந்து வரும். பல்பு வராததைப் பற்றி மக்கள் யாரும் புகார் செய்யவில்லை.

வாகனப் பதிவேட்டை மாதக் கடைசியில் நான் சரிபார்ப்பேன். அதன்படி, கீழே உள்ள அரசு மருத்துவமனையில் ஒரே மாதத்தில் நான்கு படக்காட்சிகள் நடந்திருந்தன. அதில் இரண்டு அதிகாலையில். காலை ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் யார் சிறுசேமிப்புப் படம் பார்த்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் உண்டு. மலையில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்தால், அந்த ஜீப் வருவதற்கு முன்பெல்லாம், மூங்கிலில் துணியைத் தூளி கட்டி நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு மைல் கணக்கில் இறங்குவார்கள். டோலி என்பார்கள். எல்லா டோலியும் போய்ச் சேர்ந்ததில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அந்த அம்மாளுக்கும் தெரியும். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு இருவரும் வேறு ஏதாவது பேசுவோம்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்துக்கு முன்னால் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. மலையில் படக்காட்சித் திட்டத்தால் பயன் இருப்பதாகத் தெரியவில்லை. ஜீப்பையும் புரொஜெக்டரையும் சமவெளிக்குத் திரும்பப் பெற உத்தேசம். அதிகாரி ஒருவர் நேரில் வந்து ஒரு காட்சியைப் பார்த்து முடிவெடுப்பார். ஐந்து படங்களும் காட்டப்பட வேண்டும். அடுப்பு, கோழி, சிறுசேமிப்பு, கசிவுநீர்க் குட்டை, குடும்ப நலம்.

கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். அவருக்கு முகம் வெளுத்ததை அன்று ஒருநாள்தான் பார்த்தேன்.

“நெல்லிவாசல்நாட்டுல மட்டும் மூணு பேரு மாசமா கீறாங்க சார். மழையில பொறக்குற புள்ளைங்க.”

“காட்சி நல்லா நடந்தா வண்டி இங்கேயே இருக்கும்மா.”

“நடத்திடலாங்க” என்றார். சொன்ன வேகத்தில் கிளம்பிப் போனார். அடுத்த ஒரு வாரத்தில் அவர் எத்தனை வீட்டுக்கு நடந்தாரோ, தெரியாது. காட்சியன்று கூட்டுறவுச் சங்கத்தின் புளிக் கிடங்கு நிறைந்து வழிந்தது.

பகல் காட்சி. அதிகாரி சாயங்காலத்துக்குள் இறங்க வேண்டும் என்பதால் கிடங்கின் ஜன்னல்களுக்குச் சாக்கு கட்டி இருட்டாக்கியிருந்தோம். புளி மூட்டைகள் மேலும் கீழும் ஜனங்கள். முன்னால் ஒரே ஒரு நாற்காலி. அதில் அதிகாரி. பக்கத்தில் ஐந்து தலைப்புள்ள பட்டியலோடு நான். வெளியே ஜெனரேட்டர் டபடபவென்று அடிக்க, டிரைவர் முதல் ரீலை மாட்டினார்.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். படப்பெட்டி மூன்று நாள் முன்பு பேருந்துக் கூரையில் வந்தது. பெற்றுக்கொள்பவர் பெட்டியைத் திறந்து, தலைப்புகளை ஒப்பிட்டு, ‘சரிபார்க்கப்பட்டது’ என்று ரசீதில் எழுதி, ரசீதை அதே நாள் அனுப்ப வேண்டும். பேருந்து திரும்ப ஐந்து நிமிடம் இருந்தது. ரசீது அதே நாள் போவதுதான் முக்கியம் என்று நான் முடிவு செய்தேன். ‘சரிபார்க்கப்பட்டது’ என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். பெட்டியைத் திறக்கவில்லை. அதே பேருந்தின் கூரையில் அதே பச்சை நிறத்தில் இன்னொரு பெட்டியும் ஏறியிருந்தது. வழியில் கீழே ஒரு ஊரில் இருந்த திரைப்படச் சங்கத்துக்கு இறக்கியிருக்க வேண்டியது அது. கண்டக்டர் அங்கே எங்கள் பெட்டியை இறக்கிவிட்டு, எனக்கு அதைக் கொடுத்திருந்தார்.

அந்தக் காலத்தில் வெளிநாடுகளில் இப்படி ஒரு வகைப் படம் வந்துகொண்டிருந்தது. கையால் வரைந்து அசைய வைத்த படம். ஆனால் குழந்தைகளுக்கு அல்ல. ஒரே படத்தில் நாலைந்து கதைகள். ஒவ்வொன்றையும் வெவ்வேறு ஓவியர் வரைந்திருப்பார். விண்கலம், வாள், பூதம், இரண்டு நிலாக்கள், துணியைப் பற்றி அதிகம் கவலைப்படாத மனிதர்கள். ஒரு கதைக்கும் அடுத்ததற்கும் ஒட்டு உறவு இருக்காது. அதுதான் அதன் அழகு என்று பின்னாளில் விவரம் தெரிந்த ஒருவர் எனக்கு விளக்கினார். ஒரு பொருள், ஒரு கோப்பு. நியாயமாகப் பார்த்தால் எனக்குப் பிடித்திருக்க வேண்டிய படம்.

திரையில் பசுமாடும் கலப்பையும் வரவேண்டிய நேரத்தில் ஆங்கில எழுத்துகள் மின்னி மறைந்தன. பிறகு கறுப்பு. பிறகு நிறம்! எங்கள் படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. கிடங்கு முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு மலை அளவுக்கு இரும்புக் கலம் ஒன்று மெதுவாக நகர்ந்து வந்தது.

நான் பட்டியலில் முதல் தலைப்பை மறுபடி படித்தேன். டிரைவர் வாயைத் திறந்தபடி நின்றார். அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். சேவிகா அம்மாள் திரையைப் பார்த்தார். பத்து எண்ணும் நேரம் இருக்கும். பிறகு குடை உயர்ந்தது.

“பாருங்க, இது ஒரு வூடு” என்றார்.

கதை கேட்கும் கூட்டத்தில் யாராவது ஒருவர் ‘ஊம்’ போட்டே ஆக வேண்டும். நெல்லிவாசல்நாட்டிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டு, “ஊம்” என்றார்.

“பெரிய வூடு. ஆனா சன்னல் இல்ல. பொகை போக வழி இல்ல.”

“ஊம்.”

“உள்ள பாருங்க. கண்ணாடிப் பொட்டியில வரிசையா படுத்துக் கெடக்குறாங்க. இன்னாத்தால? பொகையால!”

விண்வெளி வீரர்கள் நீண்ட தூக்கத்தில் இருந்தார்கள். ஓர் இரும்பு மனிதன் மட்டும் அவர்களுக்கு நடுவே நடந்து, கலத்தின் உலையில் எதையோ போட்டுக்கொண்டிருந்தான்.

“இந்த ஆளுக்கு மட்டும் ஒண்ணும் ஆவலியே?” என்றது ஒரு குரல்.

“அவரு இரும்புங்க. நீங்க இரும்பா? சொல்லுங்க. உங்க வூட்டம்மா இரும்பா?”

“இல்லீங்க.”

“அப்போ அடுப்ப மாத்துங்க.”

சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது. என் கை தானாகவே பட்டியலில் முதல் தலைப்புக்கு எதிரே குறி போட்டது.

இரண்டாவது ரீல் வேறு ஓவியர் வரைந்தது. பாலைவனம். மொட்டைத் தலையோடு ஒரு வீராங்கனை, இறகில்லாத ஒரு ராட்சதப் பறவையின் முதுகில் வந்து இறங்கினாள். கையில் வாள். உடம்பில் இரண்டு தோல் பட்டைகள்.

அதிகாரி என் பக்கம் சாய்ந்தார். “இதுதான் கோழியா?”

“மேம்படுத்தப்பட்ட ரகம்ங்க” என்றேன். இருபது வருட சர்வீஸில் அப்படி ஒரு வாக்கியம் என் வாயிலிருந்து அதற்கு முன் வந்ததில்லை.

முன்வரிசையில் குழந்தையை மடியில் போட்டிருந்த ஒரு பெண் கேட்டாள். “ஏம்மா சேவிகாம்மா, அந்தப் பொண்ணுக்கு யாரும் துணி எடுத்துத் தரலியா?”

“எங்க எடுப்பாங்க? சுத்திப் பாரு. ஊரு பூரா மணலு. மரத்தையெல்லாம் வெட்டிப்புட்டாங்க, மழை இல்ல, பருத்தி இல்ல. ஒரு குட்டை வெட்டி வெச்சிருந்தா இந்தக் கதி வருமா?”

நான்காவது ரீலுக்கு உரிய குட்டை இரண்டாவது ரீலிலேயே வந்துவிட்டது. குறி போடுவதா, வேண்டாமா? இதற்கு முன்னுதாரணம் இல்லை.

“இந்தம்மா யாருன்னு நெனைக்கிறீங்க?” குடை வீராங்கனையைத் தொட்டது. “மொதல்ல பார்த்தமே இரும்பாளு, அவரோட தங்கச்சி.”

“ஊம்… அவரு இரும்பு. இவங்க நம்மள மாதிரி கீறாங்களே?”

“அவரு மூத்த சம்சாரத்துப் புள்ள.”

“ஊம்” என்றார் பெரியவர், முழுத் திருப்தியுடன்.

திரையில் வீராங்கனை ஒரு குளத்தங்கரைக்கு வந்து அந்தத் தோல் பட்டைகளையும் அவிழ்க்கத் தொடங்கினாள். டிரைவர் பாய்ந்து உள்ளங்கையால் லென்ஸை மூடினார். பின்வரிசை ஆண்கள் கூச்சல் போட்டார்கள். “யோவ் டிரைவரு, கைய எடுய்யா!”

“அந்தம்மா குளிக்கிறாங்க” என்றார் சேவிகா அம்மாள், இருட்டிலிருந்து. “குளிச்சு முடிக்கட்டும். நம்ம வூட்டுப் பொண்ணு குளிச்சா நின்னு பார்ப்பீங்களா?”

கூச்சல் நின்றது. நம்பமாட்டீர்கள், இருட்டிலேயே சிலர் மரியாதையாகத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். அதிகாரியும் சுவர்ப் பக்கம் பார்த்தார்.

ரீல் மாற்றும் இடைவெளியில் நான் அவரிடம் ஓடினேன். “அம்மா, பொட்டி மாறிப்போச்சு.”

“தெரியுதுங்க.”

“நிறுத்திடலாமா?”

“நிறுத்தினா வண்டி இன்னிக்கே எறங்கிடும்ங்க. அப்புறம் டோலிதான்.”

“ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லியேம்மா இந்தக் கதைங்க!”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. இரக்கம்தான் இருந்தது. “சம்பந்தம் இல்லாம ஒரே பொட்டியில எப்டிங்க வரும்?”

மூன்றாவது ரீலில் ஒரு குண்டு ராஜா ஊரின் வெளிச்சத்தையெல்லாம் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்துத் தீர்த்துவிட்டு இருட்டில் அழுதான். சேமிக்காத குடும்பம், சொல்லவே வேண்டாம். நான்காவதில் இரண்டு நிலாக்கள். ஒன்று பழைய நிலா, மற்றது யாருடையது என்று ஒரு வாக்குவாதம் எழுந்து, இரண்டும் ஓரகத்திகள் என்று தீர்ப்பானது. நான் பட்டியலை மடித்துப் பையில் போட்டுவிட்டேன். கிடங்கில் யாருக்கும் இது ஐந்து படம் என்ற எண்ணமே இல்லை. ஒரே குடும்பம், ஒரே கதை. இரும்பு அண்ணன், பறவைத் தங்கை, வெளிச்சம் குடித்த பெரியப்பா.

ஐந்தாவது ரீல்.

இதை வரைந்தவன் பெரிய கைகாரன். அழிந்துகொண்டிருக்கும் ஓர் உலகம். நிலம் பிளக்கிறது. ஒரு மலை உச்சியில் நிறைமாதமாக ஒரு பெண் நிற்கிறாள். நீண்ட கூந்தல். வயிற்றுக்குள்ளிருந்து மெல்லிய வெளிச்சம் தெரிகிறது. எதிரே பள்ளத்தாக்கில் கடைசிக் கலம் புறப்படத் தயாராக இருக்கிறது. ஜனங்கள் ஓடி ஓடி ஏறுகிறார்கள்.

“இது அந்தப் பறவைமேல வந்த பொண்ணுதான்” என்றார்.

“அவங்க மொட்டையாச்சே? மொகமும் வேற மாதிரி கீது.”

“கண்ணாலம் ஆச்சு, முடி வளர்ந்துச்சு. புள்ளத்தாச்சிக்கு மொகம் மாறாதா? உன் பொண்டாட்டிக்கு மாறலியா?”

சிரித்தார்கள். ஆனால் அவர் குரலில் சிரிப்பு இல்லை. குடை கலத்தின் பக்கம் நகர்ந்தது.

“மலையில ரோடு இல்ல. மாட்டு வண்டி ஏறாது. அந்தப் பொண்ணு கீழ எறங்கணும்னா இந்த வண்டி ஒண்ணுதான்.”

“ஊம்.”

“வலி எடுத்துடுச்சு. அவ வர்றா. பாருங்க, பாறையப் புடிச்சுப் புடிச்சு வர்றா.”

“ஊம்.”

“வண்டிக்காரங்களுக்கு மேலேர்ந்து கடுதாசி வந்துடுச்சு. உடனே கெளம்பி வான்னு.”

பெரியவர் ‘ஊம்’ போடவில்லை.

கலம் நெருப்பைக் கக்கிக்கொண்டு எழும்பியது. அந்தப் பெண் கையை நீட்டினாள். கலம் சிறிதாகி, ஒரு புள்ளியாகி, நட்சத்திரங்களோடு கலந்தது. அவள் முகம் திரை முழுக்க நிறைந்தது. விழிகளில் அந்த நட்சத்திரங்கள் தெரிந்தன. அத்துடன் படம் அறுந்த மாதிரி முடிந்து, வெள்ளை வெளிச்சம் மட்டும் நடுங்கிக்கொண்டு நின்றது.

முன்வரிசைப் பெண்தான் கேட்டாள். “அப்புறம் அவளுக்கு இன்னா ஆச்சும்மா?”

ஒன்பது வருடத்தில் அந்த அம்மாள் ஒரு முடிச்சைப் போடாமல் விட்டதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். குடையை இறக்கினார்.

“எனக்குத் தெரியலியே. கடுதாசி அனுப்பினவங்கதான் சொல்லணும்.”

குடையின் நுனி தரையில் ஊன்றியிருந்தது. ஆனால் கிடங்கில் இருந்த அத்தனை தலையும் நாற்காலிப் பக்கம் திரும்பியது.

அதிகாரி எழுந்தார். ஜன்னல் சாக்கை ஒருவர் விலக்கினார். வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்து, என் ஓய்வூதியத்தை மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தேன். அவர் என்னை ஓரமாக ஒரு புளி மூட்டைக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

“ரசீதுல கையெழுத்து யாரு?”

“நான்தாங்க.”

“பெட்டியத் திறந்து பார்த்தீங்களா?”

“பார்க்கலைங்க.”

“நல்லவேளை” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “முந்தாநாள் சாயந்திரம் எங்க திரைப்படச் சங்கத்துல முப்பது பேர் இந்தப் படத்துக்காக நல்ல சட்டை போட்டுக்கிட்டு வந்து உக்காந்திருந்தோம். கோழிக்கு வர்ற வெள்ளைக் கழிச்சல் பார்த்தோம். அஞ்சு ரீலும் பார்த்தோம். இது ஏதோ புது மாதிரி கலைப்படம்னு எங்க தலைவர் கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தார். எழுந்து போக யாருக்கும் தைரியம் இல்ல.”

அவர் தோள் குலுங்கியது. எனக்கும் அடக்க முடியவில்லை. இரண்டு அரசு ஊழியர்கள் புளி மூட்டையைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல், கண்ணில் நீர் வழியச் சிரித்தோம். புளி நெடி என்று வெளியே சொல்லிக்கொள்ளலாம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கிடங்கைப் பார்த்தார். ஒருவர்கூட எழுந்து போயிருக்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

“அந்த வண்டி இங்கேயே இருக்கணும்” என்றார். “ஆனா காரணம் வேணும். எழுத்துல.”

இதற்காகத்தானே நான் பிறந்திருக்கிறேன்? மூட்டையின் மேல் தாளை வைத்து மூன்று நிமிடத்தில் குறிப்பு எழுதினேன். ‘இன்று காட்டப்பட்ட படம் முற்றுப்பெறவில்லை. பொதுமக்கள் தொடர்ச்சியை அறிய மிகுந்த ஆர்வம் காட்டுகின்றனர். எனவே தொடர்ச்சிப் பகுதி பெறப்பட்டுத் திரையிடப்படும் வரை வாகனமும் கருவியும் மலையிலேயே வைத்துக்கொள்ளப்படலாம். காத்திருக்கும் காலத்தில் வாகனத்தை மக்களின் அவசரத் தேவைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.’

அதிகாரி இரண்டு தடவை படித்தார். “இதுக்குத் தொடர்ச்சி இருக்கா?”

“இல்லைன்னுதான் நெனைக்கிறேங்க.”

“அப்போ எப்ப வரும்?”

“வராதுங்க. வராத வரைக்கும் உத்தரவு நடப்புல இருக்கும்.”

கையெழுத்துப் போட்டார். பச்சைப் பெட்டியைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். ஒரு காலாண்டு தவறாமல் நான் மேலிடத்துக்கு எழுதினேன்: தொடர்ச்சிப் பகுதி இன்னும் வந்து சேரவில்லை. மேலிடமும் தவறாமல் பதில் போட்டது: வந்தவுடன் தெரிவிக்கவும்.

அந்த மழையில் நெல்லிவாசல்நாட்டுப் பெண்கள் மூவரும் ஜீப்பில் இறங்கினார்கள். பதிவேட்டின் ‘நோக்கம்’ பத்தியில் முதல் தடவையாக ‘பிரசவம்’ என்று எழுதியிருந்தது. சேவிகா அம்மாள் அதோடு விடவில்லை. பக்கத்திலேயே ‘படத்தின் தொடர்ச்சி’ என்றும் சேர்த்திருந்தார். சிவப்பு மையை எடுத்தேன். மூடி வைத்துவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு தணிக்கையாளர் வந்தார். மெலிந்த, சிரிக்காத மனிதர். அந்தப் பத்தியில் விரலை வைத்து, “எந்தப் படம்? எந்தத் தொடர்ச்சி?” என்று கேட்டார். விதிப்படி, விவரம் அறிந்த ஊழியரை முன்னிலைப்படுத்தினேன். அம்மாள் எதிரே உட்கார்ந்து, “அது ஒரு பெரிய வூடு சார்” என்று ஆரம்பித்தார். சாப்பாட்டு நேரம் போனது. கடைசிப் பேருந்தும் போனது. தணிக்கையாளர் பேனாவை மூடி வைத்துவிட்டு, கன்னத்தில் கை கொடுத்து, தானறியாமல் ‘ஊம்’ போட்டுக்கொண்டிருந்தார்.

“சரிம்மா” என்றார் கடைசியில். “அந்தப் பொண்ணுக்கு என்ன குழந்தை? பையனா, பொண்ணா?”

வெளியே ஜீப் உறுமியது. யாரோ ஒரு பெண்ணைக் கைத்தாங்கலாக ஏற்றுவது ஜன்னல் வழியே தெரிந்தது. அம்மாள் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“இதோ, இப்பத்தான் கெளம்புறா சார். காலையில வந்து சொல்றேன்.”

ஜீப் வளைவில் மறையும் வரை தணிக்கையாளர் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் ஒரு தாள் வாங்கி, நின்றபடியே எழுதி, கையெழுத்திட்டுக் கொடுத்தார். ‘ஒரு விவரம் வரவேண்டியுள்ளதால் தணிக்கை மேலும் ஒரு நாள் நீட்டிக்கப்படுகிறது.’